பைசாந்திய அரியணை மரபை கிரூசேடர் கிங்ஸ் 3 விளையாட்டில் அமைப்பது எப்படி: புதிதாக மாட் செய்வோருக்கான வழிகாட்டி

பைசாந்தியப் பேரரசில் அடுத்த பேரரசர் யார் என்பதை வரையறுக்கும் எழுதப்பட்ட வாரிசுச் சட்டம் இருந்ததில்லை. செனட் அவை, படை, கான்ஸ்டான்டினோபிள் நகர மக்கள் ஆகிய தரப்பினரின் வாழ்த்தொலியும், கான்ஸ்டான்டினோபிள் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை சூட்டும் மணிமுடியும் ஒருவரைப் பேரரசராக்கின. தந்தைக்குப் பின் மகன் என்பது பலமுறை நடந்த வழக்கமே தவிர, கேள்விக்கு இடமில்லாத உரிமையாக அது உறுதிப்படவில்லை. 2020 செப்டம்பரில் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரூசேடர் கிங்ஸ் 3 என்னும் இடைக்கால அரசவம்சக் கணினி விளையாட்டோ, ஆட்சியாளர் இறந்த நொடியில் ஒரு சட்டத்தைப் பார்த்து, ஒரு வாரிசைக் கணக்கிட்டு, பட்டத்தை மாற்றிவிடும் அமைப்பைக் கொண்டது. இந்த இடைவெளியை நிரப்ப விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் வாரிசுச் சட்டக் கோப்பைத்தான் முதலில் திறக்கிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. பைசாந்திய மரபு, மகனுக்கு முன்கூட்டியே முடிசூட்டுவதிலும், போட்டியாளரின் கண்ணைப் பறிப்பதிலும், கைம்பெண்ணான பேரரசியை மணப்பதிலும், தலைநகரைக் கைப்பற்றுவதிலும் இருந்தது. ஆகவே மாட் தொகுப்பும் (விளையாட்டின் விதிகளை மாற்ற விளையாடுவோரே எழுதும் கோப்புகள்) அச்செயல்களைத்தான் முதலில் உருவாக்க வேண்டும். சட்டத்தைத் தொடுவது கடைசி வேலை.

தொடங்குவதற்கு முன் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். விளையாட்டு முதலில் வெளிவந்தபோது பைசாந்தியம் பிற ஐரோப்பிய அரசுகளைப் போலவே நிலமானிய அரசாக இருந்தது. 2024இல் வந்த ரோட்ஸ் டு பவர் என்னும் விரிவாக்கம் அதற்கு நிர்வாக அரசமைப்பையும், வாழ்த்தொலியால் பேரரசரைத் தேர்வுசெய்யும் முறையையும், இணைப் பேரரசர் பதவியையும் தந்தது. விரிவாக்கம் உள்ளவர்களுக்காக எழுதப்போகிறீர்களா, அது இல்லாதவர்களுக்கும் சேர்த்தா என்பதை இப்போதே வரையறுத்துவிட்டால், பிற்பாடு பாதி வேலையைத் திருப்பிச் செய்ய நேராது. இந்த வழிகாட்டி இரு தரப்பினருக்கும் பொதுவான பகுதிகளையே எடுத்துக்கொள்கிறது.

வரலாற்றை விதிகளாக மாற்றுதல்

நிரல் எழுதும் செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் வரலாற்று நிகழ்வையும் வலப்பக்கம் அதிலிருந்து கிடைக்கும் விதியையும் எழுதுங்கள். மாட் தொகுப்பின் தரம் இந்தத் தாளில்தான் முடிவாகிறது என்பதால் இங்கே நேரம் செலவிடத் தயங்க வேண்டாம்.

முதலில் இணைப் பேரரசர் முறை. ஆறாம் லியோ, 905இல் பிறந்த தன் மகன் ஏழாம் கான்ஸ்டன்டைனுக்கு 908இலேயே முடிசூட்டினார். முதலாம் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் தன் மகன் ஜானுக்கு 1092இல் முடிசூட்டினார். தந்தை உயிரோடிருக்கும்போதே தலையில் ஏறிய முடி, அவர் இறந்த அன்று எழும் கேள்விகளுக்கு முன்கூட்டியே கொடுத்த விடை. ஆனால் அந்த முடி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. கடற்படைத் தளபதி ரோமனோஸ் லெகபெனோஸ் 919இல் தன் மகளைச் சிறுவன் கான்ஸ்டன்டைனுக்கு மணமுடித்துக்கொடுத்து, 920இல் தாமே இணைப் பேரரசராகி, பின்னர் தம் மகன்களுள் மூவருக்கு முடிசூட்டி, சட்டப்படியான பேரரசரைப் பின்வரிசைக்குத் தள்ளினார். இருந்தும் கான்ஸ்டன்டைனை அவர் கொல்லவில்லை. 944 டிசம்பரில் ரோமனோஸின் மகன்களே அவரைக் கவிழ்த்து மடத்துக்கு அனுப்பியபோது, நகர மக்கள் கான்ஸ்டன்டைன் பக்கம் நின்றார்கள். 945 முதல் 959 வரை அவர் முதன்மைப் பேரரசராக ஆண்டார். இந்த ஒரு கதையிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. முடிசூட்டப்பட்ட அடையாளம் ஒரே நேரத்தில் பலரிடம் இருக்கலாம். மூத்த பேரரசர் மறைந்தாலோ கவிழ்ந்தாலோ அந்த அடையாளம் அழியக் கூடாது. அடையாளம் பெற்ற சிறுவனைக் கொல்வதற்கு, ஒதுக்கிவைப்பதைவிடப் பெரிய விலை இருக்க வேண்டும்.

அடுத்தது ஊதா அறையில் பிறப்பு. ஆட்சியிலிருக்கும் பேரரசருக்கு, போர்ஃபிரி என்னும் கருஞ்சிவப்புக் கல் பதித்த அரண்மனை அறையில் பிறந்த குழந்தைக்குத் தனி மதிப்பு இருந்தது. இதற்கான பண்புக்குறி (ஒரு கதாபாத்திரத்தின் இயல்பையோ நிலையையோ காட்டும் குறி) விளையாட்டிலேயே உள்ளது. புதிதாக உருவாக்கத் தேவையில்லை. ஆனால் அதைப் பெண்களுக்கும் பொருளுள்ளதாக ஆக்குவது உங்கள் பொறுப்பு. எட்டாம் கான்ஸ்டன்டைனின் மகள் ஸோயியை மணந்ததால் மூன்றாம் ரோமனோஸும், நான்காம் மைக்கேலும், ஒன்பதாம் கான்ஸ்டன்டைனும் ஒருவர்பின் ஒருவராகப் பேரரசர் ஆனார்கள். ஸோயி தத்தெடுத்த ஐந்தாம் மைக்கேல் 1042இல் அவரை நாடுகடத்தியபோது நகரமே எழுந்தது. மைக்கேல் கண்ணிழந்தார், ஸோயியும் தங்கை தியோடோராவும் சேர்ந்து ஆண்டார்கள். ஆக, ஊதாவில் பிறந்தவளின் கணவருக்குத் தகுதி மதிப்பெண் கூட வேண்டும்; அவளுக்குத் தீங்கு செய்தால் தலைநகர மக்களின் ஆதரவு சரிய வேண்டும். முடிசூட்டப்பட்ட சிறுவனின் தாயை மணப்பதற்குத் தனியாக ஒரு விதி எழுதுங்கள். 963இல் தியோபானோவை மணந்த நிகெபோரோஸ் போகாஸும், 1068இல் யூடோகியாவை மணந்த ரோமனோஸ் டியோகெனெஸும் அந்த வழியில் வந்தவர்கள்.

வயதுக்கு மதிப்பெண் தராதீர்கள். 1143இல் இரண்டாம் ஜான் இறக்கும் தறுவாயில், உயிரோடிருந்த மூத்த மகன் ஐசக்கை விட்டுவிட்டு இளையவரான மனுவேலைத் தேர்ந்தெடுத்தார். படை அதை ஏற்றுக்கொண்டது. தந்தையின் நியமனமும் படையின் ஒப்புதலும் சேர்ந்தால் மூத்தவன் என்ற உரிமை பின்னுக்குப் போய்விடும் என்பதை உங்கள் விதிகள் காட்ட வேண்டும்.

உடற்குறை பற்றிய விதியில் பலர் அவசரப்படுகிறார்கள். குருடாக்கப்பட்டவர் ஆளத் தகுதியற்றவர் என்பது பொதுவழக்கு. 797இல் ஆறாம் கான்ஸ்டன்டைனின் கண்களைத் தாய் ஐரீனே பறிக்கச் செய்ததும், 1195இல் இரண்டாம் ஐசக் ஆஞ்செலோஸை அண்ணன் மூன்றாம் அலெக்சியோஸ் குருடாக்கியதும் அதற்காகத்தான். ஆனால் அதே ஐசக், சிலுவைப்போர்ப் படை நகர வாயிலில் நின்ற 1203இல், கண்ணில்லாமலேயே மறுபடி அரியணை ஏற்றப்பட்டார். 695இல் மூக்கு அறுக்கப்பட்ட இரண்டாம் ஜஸ்டினியன் 705இல் திரும்பிவந்து ஆண்டார். எனவே குருடாக்கப்பட்டவருக்கு முழுத் தடை போடாமல், மிகக் கடுமையான மதிப்பெண் குறைப்பைக் கொடுங்கள். ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு மட்டும் முழுத் தடை பொருந்தும். ஆண்மை நீக்கப்பட்டவரும் ரோமனோஸ் லெகபெனோஸின் முறைசாரா மகனுமான பசில் லெகபெனோஸ் பல பேரரசர்களின் காலத்தில் அரசின் பெரும் அதிகாரியாக இருந்தும் அரியணைப் போட்டியாளராகவில்லை. அவர்களுக்கு அரசவைப் பதவிகளில் கூடுதல் மதிப்பைத் தந்தால் இந்த நிலை விளையாட்டிலும் இயல்பாக அமையும்.

முதுபெரும் தந்தையை வெறும் ஆசீர்வாத உருவமாக விட்டுவிடாதீர்கள். 969இல் நிகெபோரோஸைக் கொன்று அரியணைக்கு வந்த ஜான் சிமிஸ்கெஸை, தியோபானோவை வெளியேற்றித் தவம் செய்யும்வரை முடிசூட்ட மறுத்தார் முதுபெரும் தந்தை பாலியூக்டோஸ். 1261 கிறிஸ்துமஸ் நாளில் சிறுவன் நான்காம் ஜான் லாஸ்கரிஸைக் குருடாக்கிய எட்டாம் மைக்கேலைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார் முதுபெரும் தந்தை அர்செனியோஸ். அரியணையைப் பறித்தவருக்குத் திருச்சபை ஒரு நிபந்தனை வைக்கும், அவர் பணியலாம் அல்லது மோதலாம் என்பதே இங்கே விதி.

கோப்புறையை அமைத்தல்

இனித் தொழில்நுட்பம். விளையாட்டின் லாஞ்சரில் மாட் பகுதிக்குள் புதிய மாட் உருவாக்கும் வசதி இருக்கிறது. பெயர், பதிப்பு எண், கோப்புறைப் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால், டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் பாரடாக்ஸ் இன்டராக்டிவ், அதற்குள் கிரூசேடர் கிங்ஸ் 3, அதற்குள் மாட் என்ற இடத்தில் உங்களுக்கான கோப்புறையும், மாட் பற்றிய விவரங்களைக் கொண்ட டிஸ்கிரிப்டர் கோப்பும் உருவாகும். எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற செயலி போதும். இக்கட்டுரையில் குறிச்சொற்களை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு இடையே அடிக்கோடு இட்டு எழுத வேண்டும்.

விளையாட்டு நிறுவப்பட்ட இடத்தில் உள்ள மூலக் கோப்புகளை ஒருபோதும் திருத்தாதீர்கள். அங்குள்ள கோப்புறை அமைப்பையே உங்கள் மாட் கோப்புறையிலும் உருவாக்கி, அதில் புதிய பெயருள்ள கோப்புகளை வையுங்கள். காமன் கோப்புறைக்குள் ட்ரெய்ட்ஸ், டிசிஷன்ஸ், ஆன் ஆக்ஷன் ஆகியவையும், வெளியே ஈவென்ட்ஸ், லோக்கலைசேஷன் ஆகியவையும் நமக்குத் தேவை. மூலக் கோப்பின் பெயரையே உங்கள் கோப்புக்கும் வைத்தால், விளையாட்டு மூலத்தை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு உங்களுடையதை மட்டும் படிக்கும். அப்போது அடுத்த புதுப்பிப்பில் மூலத்தில் வரும் திருத்தங்கள் எவையும் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே எல்லாக் கோப்புப் பெயர்களுக்கும் உங்களுக்கென ஒரு முன்னொட்டை வைத்துக்கொள்ளுங்கள். நிரலுக்குள் நீங்கள் உருவாக்கும் பெயர்களுக்கும் அதே முன்னொட்டு இருந்தால் பிற மாட் தொகுப்புகளோடு மோதல் வராது.

எழுதும் வரிசை

முதலில் முடிசூட்டப்பட்ட இணைப் பேரரசர் என்ற பண்புக்குறியை ட்ரெய்ட்ஸ் கோப்புறையில் எழுதுங்கள். மறைவான மாறியாகவும் (வேரியபிள்) இதைச் சேமிக்கலாம். ஆனால் விளையாடுபவர் கண்ணுக்குத் தெரியாத விதி அவருக்கு அநீதியாகத் தோன்றும் என்பதால் நான் பண்புக்குறியையே பரிந்துரைக்கிறேன். சிற்றரசர்களின் நல்லெண்ணத்தைச் சற்று உயர்த்தும் மாற்றியை (மாடிஃபையர்) அதில் சேருங்கள். இதற்கான சின்னப் படம் டிடிஎஸ் வடிவில், ஜிஎஃப்எக்ஸ், இன்டர்ஃபேஸ், ஐகான்ஸ், ட்ரெய்ட்ஸ் என்ற வரிசையில் உள்ள கோப்புறைக்குள், பண்புக்குறியின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, முடிசூட்டும் முடிவை, அதாவது ஆட்சியாளர் பட்டியலிலிருந்து தேர்ந்து செய்யும் செயலை, டிசிஷன்ஸ் கோப்புறையில் எழுதுங்கள். ஒரு முடிவுக்கு மூன்று உறுப்புகள் முக்கியம்: யாருக்குத் தெரிய வேண்டும், எப்போது செய்ய முடியும், செய்தால் என்ன நடக்கும். பைசாந்தியப் பேரரசுப் பட்டத்தை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியட்டும். தலைநகரமான கான்ஸ்டான்டினோபிள் அவர் கையில் இருக்கும்போது, அவர் சிறைப்படாமல் இருக்கும்போது மட்டும் செய்யக்கூடியதாக வையுங்கள். விழாச் செலவுக்குப் பொன்னும் மதிப்புப் புள்ளிகளும் கழியட்டும். விளைவாக, தேர்ந்தெடுத்த மகனுக்குப் பண்புக்குறி கிடைப்பதோடு, விளையாட்டில் ஏற்கெனவே உள்ள வாரிசு நியமன வசதியும் இயங்கட்டும். மனுவேலின் நிலையை எந்தச் சட்டத்தையும் மாற்றாமல் கொண்டுவர இதுவே எளிய வழி. கணினி ஆளும் பேரரசர்கள் இதைச் செய்யும் வாய்ப்பைக் குறிக்கும் எண்ணை மறந்துவிடாதீர்கள். அது பூச்சியமாக இருந்தால் நீங்கள் ஆடாத ஆட்டத்தில் இந்த மரபே இருக்காது.

மூன்றாவது, நிகழ்வுகளை இயக்கும் கொக்கிகள்; அதாவது விளையாட்டில் ஒன்று நடக்கும்போது தானாக இயங்கும், ஆன் ஆக்ஷன் கோப்புறையில் உள்ள நிரல் பகுதிகள். ஆன் டெத் என்ற கொக்கி, ஒருவர் இறப்பதற்குச் சற்று முன்னரே, பட்டங்கள் கைமாறாத நிலையில் இயங்குகிறது. ஆகவே புதிய பேரரசரைப் பற்றிய நிகழ்வை அங்கே வைத்தால் அது பழையவரையே சுட்டும். பட்டம் பரம்பரையாகக் கிடைக்கும்போது இயங்கும் ஆன் டைட்டில் கெய்ன் இன்ஹெரிட்டன்ஸ், பறிக்கப்படும்போது இயங்கும் ஆன் டைட்டில் கெய்ன் யூசர்பேஷன் ஆகிய இரண்டும் நமக்குப் பொருத்தமானவை. இவற்றுக்குள் நேரடியாக விளைவுகளை எழுதாமல், உங்கள் முன்னொட்டோடு தனிக் கொக்கி ஒன்றை உருவாக்கி, மூலக் கொக்கியின் பட்டியலில் அதைச் சேருங்கள். நேரடியாக எழுதினால் மூலத்தில் உள்ள விளைவுகளை நீங்கள் அழித்துவிடக்கூடும். அப்போது உங்களுக்குத் தொடர்பே இல்லாத வேறோர் இடத்தில் விளையாட்டு கெட்டுப்போகும், காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

நான்காவது, நிகழ்வுகள். பரம்பரையாகப் பட்டம் பெற்றவர் 16 வயது நிரம்பாதவர் என்றால், சில மாதங்கள் கழித்துக் காப்பாளர் நிகழ்வு தொடங்கட்டும். சிற்றரசர்களுள் போர்த்திறன் மிகுந்த ஒருவரைத் தேர்ந்து, தாய்ப் பேரரசியிடம் மூன்று வழிகளை வையுங்கள்: அவரை மணப்பது, அவர் மகளைச் சிறுவனுக்கு நிச்சயிப்பது, மறுப்பது. புதியவர்கள் இங்கே பட்டத்தையே மாற்றிவிட முயல வேண்டாம். தளபதிக்குப் பேரரசின்மீது ஓர் உரிமைக்கோரலைக் கொடுத்தால் போதும். விளையாட்டில் உள்ள உரிமைக்கோரல் அணிகள் மீதியைத் தாமே செய்துகொள்ளும். பழக்கமான பின், பட்ட மாற்றத்தைத் தொடங்குதல், பட்டத்தை உடையவரை மாற்றுதல், மாற்றத்தை நிறைவேற்றுதல் என்ற மூன்று கட்டளைகளையும் அதே வரிசையில் எழுதி அரியணையை மாற்றலாம். மூன்றாவது கட்டளையை விட்டுவிட்டால் எதுவும் நடக்காது.

பட்டத்தைப் பறித்தவருக்கு முதுபெரும் தந்தையின் நிகழ்வு வரட்டும். முந்தைய பேரரசர் கொல்லப்பட்டாரா, குருடாக்கப்பட்டாரா, மடத்துக்குச் சென்றாரா என்பதைப் பொறுத்து நிபந்தனையின் கடுமை மாற வேண்டும். மதத் தலைவர் அப்போது இருக்கிறாரா என்ற சோதனையை நிகழ்வின் முதல் வரியிலேயே வையுங்கள். இதேபோல, முடிசூட்டப்பட்ட சிறுவனைக் கொன்றவருக்குச் சில ஆண்டுகளுக்குள் நகரக் கிளர்ச்சி வரும் வாய்ப்பை அமையுங்கள். 1183இல் சிறுவன் இரண்டாம் அலெக்சியோஸைக் கொல்லச் செய்த முதலாம் ஆண்ட்ரோனிகோஸ், 1185இல் அதே நகர மக்களின் கையால் கொடூரமாக இறந்தார்.

வாக்களிப்பு முறையைத் தொட வேண்டுமானால் இதற்குப் பிறகு தொடுங்கள். காமன் கோப்புறையில் சக்செஷன் எலெக்ஷன் என்ற பகுதியில் வாக்காளர் யார், வேட்பாளர் யார், வாக்கின் வலிமை என்ன என்பவை தனித்தனித் தொகுதிகளாக உள்ளன. இருக்கும் தேர்தல் முறை ஒன்றை நகலெடுத்துப் பெயர் மாற்றி, உங்கள் தாளில் எழுதிய மதிப்பெண்களை அதில் சேர்க்கலாம். அதைச் சட்டப் பட்டியலில் இணைக்கும்போது மூலச் சட்டக் கோப்பையும் நகலெடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அதை ஒப்பிட்டுத் திருத்தும் பொறுப்பும் உங்களைச் சேரும்.

கடைசியாக, திரையில் தோன்றும் சொற்களை லோக்கலைசேஷன் கோப்பில் எழுதுங்கள். கோப்பின் பெயர் மொழிக்குறியோடு முடிய வேண்டும். யூடிஎஃப் 8 குறியாக்கத்தில், பாம் என்னும் தொடக்கக் குறியோடு சேமிக்க வேண்டும். இக்குறி இல்லையென்றால் கோப்பு படிக்கப்படாமல், திரையில் வாக்கியங்களுக்குப் பதிலாக உங்கள் குறிச்சொற்களே தெரியும்.

சோதனை

ஸ்டீம் செயலியில் விளையாட்டின் தொடக்க அமைப்பில் டீபக் மோட் கட்டளையைச் சேர்த்தால், ஆட்டத்துக்குள் கட்டளைகளை எழுதும் கன்சோல் வசதி திறக்கும். லாக்ஸ் கோப்புறையில் உள்ள எரர் லாக் கோப்பை ஒவ்வொரு முறையும் படியுங்கள். எந்தக் கோப்பின் எந்த வரியில் பிழை என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். மூடாத நெளிவு அடைப்புக்குறியே மிகுதியான பிழைகளுக்குக் காரணம். கன்சோலில் ஈவென்ட் என்று எழுதி நிகழ்வு எண்ணைக் கொடுத்தால், அந்த நிகழ்வை மட்டும் தனியே சோதிக்கலாம்.

அதன்பின் அப்சர்வ் கட்டளையைக் கொடுத்து, உலகத்தைத் தானாக ஓடவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு வரலாறே அளவுகோல் தருகிறது. 1025இல் இரண்டாம் பசில் இறந்தது முதல் 1081இல் அலெக்சியோஸ் வரும்வரை பதினொரு ஆண்களும், ஸோயி, தியோடோரா ஆகிய இரு பெண்களும் அரியணையில் அமர்ந்தார்கள். 1081 முதல் 1180 வரையிலான ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் அலெக்சியோஸ், ஜான், மனுவேல் என்று மூவர் மட்டுமே. இரண்டு காலங்களிலும் மரபு ஒன்றுதான். முன்னதில் அமர்ந்தவர்கள் பலருக்குச் சந்ததியோ படை ஆதரவோ வாய்க்கவில்லை, பின்னதில் நீண்ட ஆயுளும் முன்கூட்டிய நியமனமும் கொம்னெனோஸ் குடும்பத்துக்குப் பதவிகளைப் பகிர்ந்தளித்த ஏற்பாடும் கைகொடுத்தன. உங்கள் ஆட்டத்தில் எப்போதும் உள்நாட்டுப் போரே நடந்தால், முடிசூட்டும் முடிவின் பலன் போதவில்லை. எப்போதும் அமைதியாகத் தந்தைக்குப் பின் மகன் வந்தால், தளபதிகளின் உரிமைக்கோரல் வாய்ப்பு குறைவு. ஒரே நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். இரண்டை மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

விளையாட்டு தரும் 867, 1066 ஆகிய இரண்டு தொடக்க ஆண்டுகளிலும் சோதியுங்கள். 1066இல் பேரரசராக இருக்கும் பத்தாம் கான்ஸ்டன்டைன் டூகாஸ் வரலாற்றில் 1067இல் இறந்தவர். அவர் மனைவி யூடோகியா நம் காப்பாளர் நிகழ்வுக்கு நேரான சான்று. விரிவாக்கம் உள்ளவர்களுக்கு 1178ஆம் ஆண்டும் கிடைக்கிறது. அங்கே மனுவேல் முதியவர், மகன் இரண்டாம் அலெக்சியோஸ் சிறுவன் என்பதால், காப்பாளர் நிகழ்வு, சிறுவன் கொலைக்கான விலை, நகரக் கிளர்ச்சி ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளிலேயே பார்த்துவிடலாம்.

வெளியிடும்போது, எந்த விளையாட்டுப் பதிப்புக்கு எழுதப்பட்டது, எந்த விரிவாக்கம் தேவை, எந்த மூலக் கோப்புகளை மாற்றியிருக்கிறது என்ற மூன்றையும் விளக்கத்தின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். புதுப்பிப்பு வந்தால் டிஸ்கிரிப்டர் கோப்பில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் உயர்த்தி விட்டுவிடாமல், நீங்கள் நகலெடுத்த கோப்புகளைப் புதிய மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, எரர் லாக் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே பதிவேற்றுங்கள்.